முட்டை நாற்றமும் தளர்ந்த இதயமும்

முட்டையை இருபது நிமிடம் கொதிக்கவிட்டு உரித்துப் பாருங்கள். மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சையில் ஒரு வளையம் தெரியும். வெள்ளைக்கருவின் புரதத்தில் இருக்கும் கந்தகம் சூட்டில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகப் பிரிந்து, மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்ததால் வந்த நிறம் அது. அளவு மிகக் குறைவு; தின்றால் ஒன்றும் ஆகாது. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் பழக்கூழ்க் கழிவு தேங்கி நிற்கும் தொட்டியோரம் வீசுவதும் இதே வாயுதான். மலக்குழிக்குள் இறங்கிய ஆளை இரண்டு மூச்சில் சாய்ப்பதும் இதுதான். தளர்ந்துபோன இதயத்துக்கு மருந்தாகுமா என்று கடந்த இருபது ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் அலசிக்கொண்டிருப்பதும் இதையேதான்.

"விஷ வாயு இதயத்தைக் காப்பாற்றும்" என்ற தலைப்போடு இது வாட்சப்பில் சுற்றும்போது இரண்டு விதமான தவறு நடக்கிறது. ஒருவர் சிரித்துவிட்டு நகர்கிறார். இன்னொருவர் பூண்டை வாங்கி வந்து, மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இரண்டாமவருக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அளவு. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது 1 பிபிஎம். அதில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். வேலையிடத்தில் 10 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் வரம்பு. 100 பிபிஎம்மில் மூக்கு மரத்துவிடும். வாயு கூடிக்கொண்டே போகும், நாற்றமோ நின்றுவிடும். 'வாடை போயிடுச்சு, இறங்கலாம்' என்று இறங்கியவர்கள் இறந்தது இதனால்தான். 700 முதல் 1000 பிபிஎம்மில் ஓரிரு மூச்சில் நினைவு தப்பும். நம் பக்கத்தில் பழைய கிணற்றில் இறங்கும்முன் விளக்கைக் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சோதனை ஆக்சிஜன் குறைவை மட்டுமே காட்டும். 1000 பிபிஎம் என்பது காற்றில் வெறும் 0.1 சதவீதம், விளக்கு அசையாமல் எரியும், ஆள் பிழைக்க மாட்டான். போதாததற்கு இந்த வாயு தீப்பிடிக்கவும் செய்யும். காற்றைவிடச் சற்றுக் கனமானது என்பதால் அடியில் தங்கும். மேலே படிந்த ஏட்டைக் கம்பால் கிளறினால் சோடா பாட்டிலைக் குலுக்கியதுபோல் ஒரே வீச்சில் வெளிவரும்.

கொல்லும் இடம் துல்லியமானது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் அறையான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கடைசியாகக் கையாளும் நொதி சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ். நான்காம் தொகுதி என்றும் சொல்வார்கள். சயனைடு அடைப்பதும் இதே இடத்தைத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது.

ஆனால் கதை இதோடு முடிந்திருந்தால் மருந்துப் பேச்சே எழுந்திருக்காது. அளவு மிகச் சிறிதாக இருக்கும்போது அதே மைட்டோகாண்ட்ரியா இந்த வாயுவை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. சல்பைடு குயினோன் ஆக்சிடோரிடக்டேஸ் என்ற நொதி அதன் எலெக்ட்ரான்களைப் பிடுங்கி ஆற்றல் சங்கிலியில் விடுகிறது. மிஞ்சுவது தயோசல்பேட்டாகவும் சல்பேட்டாகவும் மாறிச் சிறுநீரில் போகிறது. ஒரே உறுப்பில், ஒரே மூலக்கூறு, அளவைப் பொறுத்து அரிசியாகவும் விஷமாகவும் நடந்துகொள்கிறது. மருந்தாக்குவதில் உள்ள எல்லாச் சிக்கலும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

நம் உடலே இதைச் செய்துகொள்கிறது என்பது பலருக்கு வியப்பு. மூலப்பொருள் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாவற்றிலும் கிடைப்பது. செய்யும் நொதிகள் மூன்று. இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் முக்கியமானது சிஸ்டாதயோனின் காமா லயேஸ், சுருக்கமாக சிஎஸ்இ. மூளையில் இந்த வாயு செய்தி கடத்துகிறது என்று அபேயும் கிமுராவும் 1996இல் எழுதினார்கள். அதன்பின் நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றோடு மூன்றாவது 'செய்தி வாயு' என்று இதற்கு இடம் கிடைத்தது. செய்தி சொல்லும் விதமும் எளிமையானது: புரதத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கந்தக முனையில் இன்னொரு கந்தகத்தைச் சேர்த்துவிடும். ஒரு கொக்கியில் இன்னொரு கொக்கியை மாட்டுவதுபோல. அதனால் சில புரதங்கள் விழிக்கின்றன, சில தூங்குகின்றன. நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி விழிக்கும், ரத்தக் குழாய் தளரும். ஆக்சிஜனேற்றச் சேதத்தைச் சமாளிக்கும் மரபணுக்களுக்கு ஆணை போகும்.

சிஎஸ்இ மரபணுவை நீக்கிய எலிகளுக்கு ரத்த அழுத்தம் கூடியது என்று 2008இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது, துறையே பரபரப்பானது. இரண்டு ஆண்டு கழித்து வேறொரு குழு அதே மரபணுவை நீக்கிய எலிகளை வளர்த்தது; அவற்றுக்கு அழுத்தம் ஏறவே இல்லை. முதல் கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் பலர், இரண்டாவதைச் சொல்பவர்கள் சிலர்.

இதயச் செயலிழப்புக்கு வருவோம். நம் ஊரில் 'ஹார்ட் வீக்', 'பம்பிங் கம்மி' என்று சொல்வது இதைத்தான். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இ.எஃப். என்று ஒரு சதவீதம் எழுதியிருப்பார்கள். இடது கீழறை ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. 55க்கு மேல் என்றால் சரி. 40 அல்லது அதற்குக் கீழ் என்றால் பம்பிங் குறைந்த வகை. 50க்கு மேல் இருந்தும் மூச்சு வாங்கலாம். அங்கே பிரச்சினை தள்ளுவதில் இல்லை, விரிந்து நிரம்புவதில்.

இதை எலியில் உண்டாக்குவது எப்படி? 25 கிராம் எடையுள்ள எலியின் நெஞ்சைத் திறந்து, மகாதமனியின் வளைவில் நூலைப் போட்டு, பக்கத்தில் 27 கேஜ் ஊசியை வைத்துச் சேர்த்து முடிச்சிடுவார்கள். பிறகு ஊசியை உருவிவிடுவார்கள். ஊசியின் கனம் 0.4 மில்லிமீட்டர், மகாதமனிக்கு இனி அவ்வளவு வழிதான். அந்த இடுக்கில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் முதலில் தடிக்கும், சில வாரங்களில் விரிந்து தளரும். 2013இல் சர்க்குலேஷன் இதழில் வந்த ஆய்வில், சிஎஸ்இ இல்லாத எலிகளின் இதயம் இந்த முடிச்சுக்குப் பின் மற்றவற்றைவிட மோசமாக விரிந்தது. இதயத்தில் மட்டும் சிஎஸ்இயைக் கூட்டிய எலிகள் தாக்குப்பிடித்தன. உடலில் இந்த வாயுவைக் கூட்டும் எஸ்ஜி1002 என்ற மருந்தைத் தீனியில் கலந்து கொடுத்தபோதும் இதயத்தின் வேலை பெருமளவு காப்பாற்றப்பட்டது. அதற்கு முன்பே, 2007இல், மாரடைப்பு உண்டாக்கிய எலிகளுக்கு ரத்த ஓட்டம் திரும்பும் நேரத்தில் சல்பைடு கொடுத்தால் இறக்கும் தசையின் பரப்பு குறைகிறது என்று காட்டியிருந்தார்கள். வேறு வேறு கூடங்களில், வேறு வேறு முறையில், ஒரே திசையில் முடிவுகள். ஒதுக்கிவிடக்கூடிய சான்று அல்ல.

சிக்கல் எங்கே? எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியில்.

அளப்பதே முதல் தகராறு. பழைய கட்டுரைகள் ரத்தத்தில் 30 முதல் 300 மைக்ரோமோலார் வரை இந்த வாயு இருப்பதாக எழுதின. மெத்திலின் புளூ முறையில் அளந்தார்கள். அந்த முறையில் அமிலம் சேர்க்க வேண்டும், அமிலமோ புரதத்தோடு ஒட்டியிருக்கும் கந்தகத்தையும் உதிர்த்து வாயுவாக்கிவிடும். உண்மையிலேயே அவ்வளவு இருந்தால் நாம் விடும் ஒவ்வொரு மூச்சும் அழுகின முட்டையாக நாறும். கட்டற்ற நிலையில் இருப்பது அதில் மிகச் சிறிய பங்குதான் என்பது இப்போதைய மதிப்பீடு. அதனால் 'நோயாளியின் ரத்தத்தில் அளவு குறைந்திருந்தது' என்று ஒரு கட்டுரை சொன்னால், எந்த முறையில் அளந்தார்கள் என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

அடுத்தது கொடுக்கும் வழி. இந்த வாயுவைத் தரும் உப்பான சோடியம் ஹைட்ரோசல்பைடு மலிவு, நீரில் உடனே கரையும். ஊசி போட்டதும் அளவு சட்டென ஏறி நிமிடங்களில் இறங்கிவிடும். ரத்தத்தின் காரநிலையில் ஐந்தில் ஒரு பங்குபோல வாயுவாகவும் மீதி அயனியாகவும் இருக்கும். வாயு நுரையீரல் வழியே பறக்கும், மிச்சத்தை நொதிகள் தின்னும். வாடிய செடிக்கு ஒரு குடம் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றுவது மாதிரி. இதயச் செயலிழப்பு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஓடும் நோய். அதற்குச் சொட்டுச் சொட்டாக விடும் மருந்து வேண்டும். அப்படி வந்ததுதான் ஜிஒய்ஒய்4137. இன்னொன்று ஏபி39, மைட்டோகாண்ட்ரியாவின் எதிர் மின்னூட்டம் இழுக்கும்படி ஒரு வாலைக் கட்டி நேரே அங்கேயே அனுப்புவது. இரண்டும் ஆய்வுக்கூடத்தில் அழகாக வேலை செய்கின்றன. மருந்துக் கடைக்கு இரண்டும் வரவில்லை.

விலங்கின் உருவமும் கணக்கில் வரும். 2005இல் எலிகளை 80 பிபிஎம் வாயுவில் வைத்தபோது அவற்றின் வளர்சிதை மாற்றம் பத்தில் ஒரு பங்காகச் சரிந்து, உடல் குளிர்ந்து, பிறகு நல்ல காற்றில் சேதமின்றி மீண்டன. அதே எண்ணத்தில் 2008இல் செம்மறி ஆட்டுக்கு 60 பிபிஎம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. நிமிடத்துக்கு ஐந்நூறு ஆறுநூறு தடவை துடிக்கும் எலி இதயம் சொன்னதை எழுபது எண்பது தடவை துடிக்கும் இதயம் அப்படியே கேட்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மனிதர்களிடம் நடந்தவை கைவிரலில் அடங்கும். எஸ்ஜி1002ஐ நலமான 7 பேருக்கும் இதயச் செயலிழப்புள்ள 8 பேருக்கும் கொடுத்த முதல்கட்டச் சோதனை 2015இல் வெளியானது. 200 மில்லிகிராமில் தொடங்கி 400, 800 என்று, தினம் இரண்டு வேளை, ஒவ்வோர் அளவும் ஒரு வாரம். மொத்தம் 21 நாள். உடல் தாங்கிக்கொண்டது, ரத்தத்தில் சல்பைடு கூடியது. அவ்வளவுதான் அது சொன்னது. 15 பேரில் 21 நாளில் யார் பிழைத்தார், யாருக்கு மூச்சு வாங்குவது குறைந்தது என்றெல்லாம் சொல்ல முடியாது. அந்தச் சோதனை அதற்காக நடத்தப்பட்டதும் இல்லை.

பெரிதாக நடந்தது நெதர்லாந்தின் கிரோனிங்கன் குழுவின் ஜிப்ஸ்-4. மாரடைப்போடு வந்து ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்கள் 380 பேர். ஒரு பாதிக்கு, உடலில் இந்த வாயுவைத் தரக்கூடிய சோடியம் தயோசல்பேட் என்ற உப்பு 12.5 கிராம் ரத்த நாளத்தில் ஏற்றப்பட்டது; ஆஸ்பத்திரிக்கு வந்தவுடன் ஒரு முறை, ஆறு மணி நேரம் கழித்து ஒரு முறை. மறுபாதிக்கு வெறும் திரவம். நான்கு மாதம் கழித்து எம்ஆர்ஐயில் தழும்பின் அளவைப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது: வித்தியாசம் இல்லை.

இதை வாயுவின் தோல்வி என்று எழுதிவிட்டுப் போவது சோம்பல். தயோசல்பேட்டிலிருந்து சல்பைடு எவ்வளவு, எவ்வளவு வேகமாகப் பிறக்கிறது என்பதே தனிக் கேள்வி. எலிக்கு வயது சில மாதம், சர்க்கரை இல்லை, புகை இல்லை, வேறு மாத்திரை இல்லை, மருந்து கொடுக்கும் நொடி ஆய்வாளர் கையில். மனிதனுக்கு அறுபது வயது, ஏற்கெனவே ஐந்து மாத்திரை, நெஞ்சு வலித்து எவ்வளவு நேரமாயிற்று என்று அவருக்கே தெரியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இது மாரடைப்பு நேரத்துச் சோதனை. நாட்பட்ட இதயத் தளர்ச்சிக்கு இந்த முடிவு 'ஆம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை.

நாட்பட்ட தளர்ச்சியில் இந்த உப்பைப் பயன்படுத்த நினைத்தால் யாரும் பேசாத ஒரு கணக்கு இருக்கிறது. 12.5 கிராம் நீரேற்ற சோடியம் தயோசல்பேட்டில் சோடியம் மட்டும் சுமார் 2.3 கிராம். சமையல் உப்பாக மாற்றினால் கிட்டத்தட்ட 6 கிராம். உலக சுகாதார நிறுவனம் நலமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்து விடியவிடும் ஒருவருக்கு இதை அடிக்கடி ஏற்ற முடியாது.

பழைய மருந்து ஒன்றும் இந்தக் கதையில் தலைகாட்டுகிறது. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஏசிஇ தடுப்பான் வகை மருந்துகளில் சோஃபெனோபிரில் கந்தக முனை கொண்டது, வாயுவை வெளிவிடக்கூடியது. 1995இல் வந்த ஸ்மைல் ஆய்வில், இதயத்தின் முன்பக்க மாரடைப்பு வந்து ஆறு வாரம் அதை எடுத்தவர்களில் மரணமும் கடும் இதயச் செயலிழப்பும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஆனால் ஒப்பீடு வெற்று மாத்திரையோடு. குறைத்தது கந்தகமா, ஏசிஇயைத் தடுத்ததா? அந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. கேப்டோபிரிலிலும் அதே முனை உண்டு. பாட்டிலைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனால் லேசாக வாடை வரும். வாடை வந்தாலே மருந்து என்று ஆகிவிடாது.

'கந்தகம்தானே, சித்த வைத்தியத்தில் இல்லாததா?' என்று கேட்பார்கள். எஸ்ஜி1002இன் பெரும்பகுதி கந்தகமே என்பதும் உண்மைதான். ஆனால் அது குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட வடிவில் தயாரித்து, ரத்தத்தில் அளந்து பார்த்த பொருள். சந்தையில் பொட்டலமாக வாங்கும் கந்தகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. இதயச் செயலிழப்புக்கு அதை விழுங்க வேண்டாம்.

பூண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. 2007இல் வெளியான ஆய்வில், பூண்டின் பாலிசல்பைடுகளை மனித ரத்தச் சிவப்பணுக்களோடு சேர்த்தபோது ஹைட்ரஜன் சல்பைடு பிறந்தது. அதிகம் கொடுத்தவை டையாலில் டிரைசல்பைடு போன்ற நீண்ட சங்கிலிகள். பல்லை முழுதாக வைத்திருக்கும்வரை இவை எதுவும் உள்ளே கிடையாது. அல்லின் என்ற கந்தகப் பொருள் ஒரு அறையில், அல்லினேஸ் என்ற நொதி மற்றொரு அறையில். நசுக்கினால்தான் இரண்டும் சேர்ந்து அல்லிசின் உண்டாகும். அது உடைந்துதான் மற்றவை. நசுக்கியவுடன் எண்ணெயில் போட்டால் நொதி வெந்து செத்துவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டுப் போட்டால் வேலை முடிந்திருக்கும். முழுப் பல்லைப் பாலில் வேகவைத்த பூண்டுப் பாலில் மணமும் சுவையும் இருக்கும், அல்லிசின் அநேகமாக இருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும், பூண்டு இதயச் செயலிழப்பைத் திருப்பியதாகப் பெரிய மனிதச் சோதனை எதுவும் காட்டியதில்லை. குழம்பில் நாலு பல் போட்டுச் சாப்பிடுவதில் தடையில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எடுப்பவர்கள், வார்ஃபரின் எடுப்பவர்கள் தினம் பச்சைப் பூண்டையோ பூண்டுக் கேப்சூலையோ கை நிறைய எடுத்தால் ரத்தம் உறைவது இன்னும் தாமதமாகும். பல் பிடுங்கும்போதுதான் தெரியவரும். பூண்டு ஊறுகாயோ நேர்எதிர்: பூண்டு மருந்து என்று நினைத்து உப்பைத் தின்பது.

இன்றைக்குப் பம்பிங் 30 என்று எக்கோவோடு தருமபுரியிலோ ஓசூரிலோ வீடு திரும்பும் ஒருவருக்கு ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணமானவை நான்கு வகை மருந்துகள். பீட்டா தடுப்பான்: பைசோப்ரோலால் 1.25 மில்லிகிராம், கார்வெடிலால் 3.125 என்று சிறிதாகத் தொடங்கி, தாங்கினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குவார்கள். முதல் வாரம் அசதியாக இருக்கும். அதற்காக நிறுத்துபவர்கள்தான் அதிகம். இரண்டாவது சாகுபிட்ரில்-வால்சார்ட்டன்: ஏசிஇ தடுப்பான்களான எனலாப்ரிலோ ராமிப்ரிலோ எடுத்துக்கொண்டிருந்தால் 36 மணி நேர இடைவெளி விட்டே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் முகமும் நாக்கும் வீங்கி மூச்சடைக்கலாம். மூன்றாவது ஸ்பைரோனோலாக்டோன், 1999இன் ரேல்ஸ் ஆய்வில் மரணத்தை 30 சதவீதம் குறைத்த, மிக மலிவான மாத்திரை. பொட்டாசியம் ஏறும் என்பதால் ஓரிரு வாரத்தில் ரத்தப் பரிசோதனை கட்டாயம்; 'குறை சோடியம் உப்பு' என்று கடையில் விற்பது பொட்டாசியம் குளோரைடு கலந்தது, இவர்களுக்கு ஆகாது. நான்காவது டாபாக்ளிஃப்ளோசின் 10 மில்லிகிராம். சர்க்கரை இல்லாதவருக்கும் தருவார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, பட்டினி என்றால் அந்த நாட்களில் நிறுத்தச் சொல்வார்கள்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வரும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் பெரிய உதவி. ஆனால் மேலே சொன்ன நான்கும் அளவை ஏற்றி ஏற்றிக் கொடுக்க வேண்டியவை. ஒரே சீட்டை வருடம் முழுக்க வைத்து வாங்குவதற்கு உரியவை அல்ல. ஏற்றுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

வீட்டில் ஓர் எடைப் பொறி போதும். காலையில் கழிவறை போய்விட்டு வந்து, சாப்பிடும்முன், அதே மாதிரி உடையில் ஏறி நின்று காலண்டரில் எழுதிவிட வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். மூச்சு வாங்கத் தொடங்கும்முன்பே எடை சொல்லிவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்னொரு பொல்லாப்பும் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது; அதற்கு முன் முப்பது நாற்பது வருடம் போர்வெல் தண்ணீர் குடித்தவர்களின் முதுகும் முழங்காலும் ஏற்கெனவே இறுகிவிட்டன. அந்த வலிக்கு டைக்குளோஃபினாக் ஊசி, கடையில் பேர் இல்லாத பொட்டலத்தில் மூன்று நான்கு வண்ண மாத்திரை. அதில் வலி மருந்தோடு ஸ்டீராய்டும் இருப்பதுண்டு. இரண்டும் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். நீர் மாத்திரையின் வேலை கெடும், ஒரு வாரத்தில் கால் வீங்கும். 'கால் வலிக்கு ஒரு செட் குடுங்க' என்பதற்குப் பதில் 'எனக்கு ஹார்ட் வீக்குங்க, நீர் மாத்திரை சாப்பிடறேன், பாராசிட்டமால் மட்டும் குடுங்க' என்று கேட்க வேண்டும். அதிலும் தண்ணீரில் போட்டால் நுரைக்கிற வகை வேண்டாம். அந்த நுரைக்காகச் சேர்க்கும் சோடா உப்பில் ஒரு மாத்திரைக்குச் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும்.